டோங்கா 2022: ஒற்றைக் கேபிள் அறுந்தபோது – ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜனவரி 15 அன்று மாலை தென் பசிபிக் பெருங்கடலில் உள்ள டோங்கா நாட்டுக்கு வெளியுலகத்தோடு இருந்த தொடர்பு அறுந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் நாடு. அன்றைக்குத்தான் அவர்கள் பேசியே ஆக வேண்டிய நாள். எரிமலை வெடித்து, அலை ஊருக்குள் வந்து, வானத்திலிருந்து சாம்பல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மாலையிலிருந்து கடைசித் தீவுக் கூட்டத்துக்குக் கேபிள் இணைப்பு திரும்பியது வரை நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறேன். தொலைத்தொடர்பு வேலையில் இருப்பவர்களுக்கும், தீவுகளுக்குப் பேரிடர்த் திட்டம் எழுதுபவர்களுக்கும் இது பயன்படும். தனி மனிதர் யார் பெயரையும் சொல்லவில்லை.

பின்னணி

டோங்காவில் சுமார் 170 தீவுகள். அவற்றில் 36 தீவுகளில்தான் மக்கள் இருக்கிறார்கள். தெற்கே டோங்காடாப்பு, தலைநகர் நுகுஅலோஃபா அங்கேதான், மக்களில் பெரும்பகுதியும் அங்கேதான். நடுவில் ஹாபாய் கூட்டம், வடக்கே வவாவு கூட்டம். இளைஞர்கள் பலர் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று வேலைக்குப் போய்விட்டவர்கள். நியூசிலாந்தில் மட்டும் டோங்கா வம்சாவளியினர் 80 ஆயிரத்துக்கும் மேல். அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அதனால் அங்கே போன் இணைப்பு போனால் நலம் விசாரிப்பது மட்டும் நிற்பதில்லை, அடுத்த வார அரிசி, மாவுக்கான காசும் நின்றுபோகும்.

2013 வரை எல்லாம் செயற்கைக்கோள் வழியாகத்தான். விலை அதிகம், வேகம் குறைவு. அந்த ஆண்டு ஃபிஜியின் சுவாவிலிருந்து நுகுஅலோஃபாவுக்கு 827 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு கடலடி கேபிள் வந்தது. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் பணம் கொடுத்தன. 2018-இல் அதைத் தொடர்ந்து டோங்காடாப்புவிலிருந்து ஹாபாய்க்கும் வவாவுக்கும் சுமார் 400 கிலோமீட்டரில் ஓர் உள்நாட்டுக் கேபிள் போடப்பட்டது. இரண்டுமே நல்ல திட்டங்கள். ஆனால் இரண்டுக்கும் வளையம் கிடையாது, ஒற்றைக் கோடு. ஒரு பக்கம் அறுந்தால் சுற்றிக்கொண்டு போக இன்னொரு பக்கம் இல்லை.

இதைத் திட்டமிட்டவர்களின் அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு லட்சம் பேருக்கு ஒரு கேபிளுக்கே கடனும் மானியமும் திரட்ட வேண்டியிருக்கிறது. இரண்டாவது கேபிளுக்கு வருமானக் கணக்கு ஒத்துவராது. சிறு தீவு நாடுகள் எல்லாவற்றுக்கும் இருக்கும் சிக்கல் இது.

2019-இல் வந்த எச்சரிக்கை

2019 ஜனவரி 20 அன்று அந்தக் கேபிள் முதல் முறையாக அறுந்தது. கப்பல் நங்கூரம் இழுத்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். சரிசெய்ய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது. அதுவரை கைவசம் இருந்த சிறிய செயற்கைக்கோள் இணைப்பை வைத்துச் சமாளித்தார்கள். அலைவரிசை (ஒரே நேரத்தில் போகக்கூடிய தரவின் அளவு) போதவில்லை, ஃபேஸ்புக், யூடியூப் போன்றவற்றைத் தடுத்து, வங்கி, விமான நிறுவனம், அரசு அலுவலகம் என்று முக்கியமானவற்றுக்கு முதலில் கொடுத்தார்கள்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு அரசு ஒரு செயற்கைக்கோள் நிறுவனத்தோடு 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. கேபிள் அறுந்தால் இது கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒப்பந்தம் தகராறில் சிக்கியது. 2022 ஜனவரி வந்தபோது அது தீர்ந்திருக்கவில்லை. இந்த நிகழ்வில் எல்லாரும் எரிமலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு இந்த மூன்று ஆண்டு இடைவெளிதான் மிகவும் உறுத்துகிறது. தேவை என்ன என்று தெரிந்திருந்தது, அதற்கு ஒரு தீர்வும் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. தேவைப்பட்ட நாளில் அது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

ஜனவரி 15

நுகுஅலோஃபாவிலிருந்து வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில் கடலுக்குள் இருக்கும் ஹுங்கா டோங்கா–ஹுங்கா ஹாபாய் எரிமலை, மாலை 5 மணிக்குப் பிறகு பெரிதாக வெடித்தது. புகைத்தூண் 57 கிலோமீட்டர் உயரம் போனது. அதிர்வலை உலகத்தைச் சுற்றியது. சுமார் 12 ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையில்கூட அன்றிரவு காற்றழுத்தமானியில் ஒரு சிறு துள்ளல் பதிவானது. பெரு நாட்டுக் கடற்கரையில் அலையில் சிக்கி இருவர் இறந்தார்கள்.

வெடித்த அந்த நொடியில் கேபிள் அறவில்லை. முதலில் எரிமலைக்குப் பக்கத்தில் ஓடிய உள்நாட்டுக் கேபிள் போனது. மாலை சுமார் 6:30 மணிக்கு நாட்டின் இணையப் போக்குவரத்து பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. பன்னாட்டுக் கேபிளும் போய்விட்டது. காரணம் பிறகுதான் தெரிந்தது. வானத்துக்குப் போன சாம்பலும் பாறையும் திரும்பக் கடலில் விழுந்து, எரிமலைச் சரிவில் கனமான சேற்று வெள்ளமாகக் கடலடியில் பாய்ந்திருக்கின்றன. 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அதன் வேகம் மணிக்கு 122 கிலோமீட்டர் வரை இருந்தது என்று கணக்கிட்டது. இந்த ஓட்டம் 100 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறது. கேபிள் பாதையைத் தேர்வு செய்யும்போது நங்கூரம், மீன்பிடி வலை, நிலநடுக்கம் எல்லாம் கணக்கில் வரும். எரிமலையிலிருந்து இப்படி ஓர் ஓட்டம் இவ்வளவு தூரம் வரும் என்பதற்கு அதுவரை நேரடியாக அளந்த உதாரணம் இல்லை.

முதல் நாட்கள்: தெரிந்ததும் தெரியாததும்

அடுத்த நாள் நிலவரம் இதுதான். டோங்காடாப்புவுக்குள் உள்ளூர் அழைப்புகள் ஓரளவுக்குத் திரும்பின. வெளிநாட்டுக்கு எதுவும் இல்லை. வெளித் தீவுகளோடும் இல்லை. தூதரகங்களிடமும் அரசிடமும் சாட்டிலைட் போன்கள் இருந்தன; அவற்றில் விட்டுவிட்டுத்தான் பேச முடிந்தது. வெளியுலகத்துக்கு முதல் செய்திகள் அந்த வழியாகத்தான் போயின. ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருந்த குடும்பங்களுக்கு அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியவில்லை. செயற்கைக்கோள் படத்தில் தங்கள் ஊரின் நிறம் சாம்பலாக மாறியிருப்பதைத்தான் அவர்களால் பார்க்க முடிந்தது.

ஜனவரி 17-இல் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கண்காணிப்பு விமானங்களை அனுப்பின. அவை இறங்க முடியாது. ஓடுபாதை முழுக்கச் சாம்பல். மேலே பறந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பின. ஹாபாய் கூட்டத்தில் இருக்கும் மாங்கோ என்ற சின்னத் தீவிலிருந்து ஓர் அபாய அறிவிப்புக் கருவியின் சிக்னல் கிடைத்திருப்பதாக ஐ.நா. சொன்னது. ஒரு தீவு முழுவதற்கும் அன்று இருந்த குரல் அதுதான். யார், எத்தனை பேர், என்ன வேண்டும் என்று எதுவும் அதில் வராது. “இங்கே ஆபத்து” என்பது மட்டும் வரும்.

டோங்கா கடற்படைப் படகுகள் ஹாபாய் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் முழு விவரம் தெரிந்தது. அரசின் முதல் விரிவான அறிக்கை 18-ஆம் தேதி வெளிவந்தது. மாங்கோவில் ஒரு வீடுகூட மிஞ்சவில்லை. அதே ஹாபாய் கூட்டத்தில் உள்ள ஃபோனோய்ஃபுவாவில் இரண்டு வீடுகள்தான் நின்றன. சில இடங்களில் அலை 15 மீட்டர் வரை எழும்பியிருந்தது. மூன்று பேர் இறந்திருந்தார்கள். மாங்கோவில் 65 வயதுப் பெண் ஒருவர், ஹாபாயின் இன்னொரு தீவான நோமுகாவில் 49 வயது ஆண் ஒருவர், டோங்காடாப்புவில் ஒரு பிரிட்டிஷ் பெண்.

அழிவின் அளவுக்கு உயிரிழப்பு குறைவு. மக்கள் பெரிய வெடிச்சத்தம் கேட்டதும் மேட்டுக்கு ஓடியது அதற்கு ஒரு காரணம். அதை எந்த டவரும் சொல்லவில்லை. அதே சமயம், அலை வந்த பிறகு காயம்பட்டவர் ஒருவர் உதவி கேட்க வேண்டியிருந்தால் படகு வரும் வரை காத்திருப்பதைத் தவிர அந்தத் தீவுகளில் வேறு வழி இருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எதை முதலில் திருப்பிக் கொண்டுவருவது என்பது. தலைநகரில் தெற்கு பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு செயற்கைக்கோள் டிஷ் இருந்தது. மொபைல் நிறுவனம் ஒன்று அதன் வழியாக ஒரு தற்காலிக 2ஜி இணைப்பை ஏற்படுத்தியது. வழக்கமான கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். 19-ஆம் தேதி வெளிநாட்டு அழைப்புகள் ஓரளவுக்குத் தொடங்கின.

இந்த முடிவு சரியானது. 4ஜி இருந்த ஊரில் 2ஜிக்குத் திரும்புவது பின்னோக்கிப் போவதாகத் தெரியலாம். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 2ஜியில் ஒரு குரல் அழைப்புக்கு நொடிக்குப் பத்துப் பதினைந்து கிலோபிட் போதும். ஒரு வீடியோ அழைப்பு தின்னும் இடத்தில் பல பத்துப் பேர் பேசிவிடலாம். குறுஞ்செய்தி அதைவிடக் குறைவு. 160 எழுத்துக்கு 140 பைட். “எல்லாரும் நலம், தண்ணீர் வேண்டும்” என்று சொல்ல அது தாராளம். அப்புறம், ஊரில் எந்த வயதானவர் கையில் இருக்கும் பழைய போனும் 2ஜியில் வேலை செய்யும். டேட்டாவைத் திறந்துவிட்டிருந்தால் ஒவ்வொரு ஸ்மார்ட்போனும் பின்னணியில் அப்டேட் தேடியே அந்தச் சின்னக் குழாயை அடைத்திருக்கும்.

இருந்தாலும் நெரிசல் இருந்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஒரே நேரத்தில் டோங்காவுக்கு அழைத்தார்கள். ஒரு அழைப்பு கிடைக்கப் பலமுறை முயல வேண்டியிருந்தது.

இரண்டாவது, பணம். 21, 22 தேதிகளில் நுகுஅலோஃபாவில் பணப் பரிமாற்றக் கடைகளிலும் வங்கிகளிலும் மக்கள் வரிசையில் நின்றார்கள். கிடைத்த கொஞ்ச அலைவரிசையில் வெளிநாட்டுப் பணத்தை எடுக்கும் வசதிக்கும் பங்கு கொடுத்தது நல்ல முடிவு. நிவாரணக் கப்பலில் வரும் தண்ணீரும் தார்ப்பாயும் எல்லாருக்கும் ஒன்றுபோல் வரும். பிள்ளை அனுப்பும் பணம்தான் அந்தந்த வீட்டுக்கு என்ன தேவையோ அதை வாங்க விடும்.

மூன்றாவது, கேபிள் கப்பல். ரிலையன்ஸ் என்ற பழுதுபார்க்கும் கப்பல் அப்போது பப்புவா நியூகினியின் மோர்ஸ்பி துறைமுகத்தில், சுமார் 4,700 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. எரிமலை மறுபடி வெடிக்காது என்று உறுதி ஆகும் முன்பே கப்பலைக் கிளப்பினார்கள். அந்த நீர்ப்பரப்புக்குள் எப்போது இறங்குவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பயண நாட்களை வீணாக்க வேண்டாம் என்பது இதில் உள்ள நியாயம்.

இந்த எல்லா வேலைக்கும் நடுவில் கோவிட் இருந்தது. அதுவரை டோங்காவில் ஒரே ஒரு கோவிட் தொற்றுதான் பதிவாகியிருந்தது. அதனால் நிவாரணம் கொண்டுவந்தவர்கள் யாரும் கரையில் இருந்தவர்களைத் தொடக்கூடாது என்ற ஏற்பாடு. ஓடுபாதையை உள்ளூர் மக்களே மண்வெட்டியும் துடைப்பமுமாகச் சுத்தம் செய்து, 20-ஆம் தேதி முதல் விமானம் இறங்கியது. அவ்வளவு கவனத்துக்குப் பிறகும் பிப்ரவரி 1 அன்று துறைமுகத் தொழிலாளிகள் இருவருக்குத் தொற்று உறுதியானது. மறுநாள் முதல் ஊரடங்கு. இணையம் இல்லாமல் ஊரடங்கு என்றால் எப்படி இருக்கும் என்று 2020-ஐ நினைத்துப் பார்த்தால் தெரியும்.

கடலுக்கு அடியில் கண்டது

சேதத்தின் அளவு ஏன் முதலில் தவறாகத் தெரிந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கேபிள் அறுந்தால் கரை நிலையத்திலிருந்து ஓ.டி.டி.ஆர். என்ற கருவியால் கேபிளுக்குள் ஓடும் கண்ணாடி இழையில் ஒரு ஒளித்துடிப்பை அனுப்புவார்கள். அறுந்த இடத்தில் பட்டு ஒளி திரும்பி வரும் நேரத்தை வைத்து, எத்தனை கிலோமீட்டரில் வெட்டு என்று சொல்லிவிடலாம். டோங்கா கரையிலிருந்து பார்த்தபோது பன்னாட்டுக் கேபிளில் சுமார் 37 கிலோமீட்டரில் வெட்டு என்று வந்தது. செய்திகளிலும் ‘37 கிலோமீட்டரில் ஒரு வெட்டு’ என்றே போனது. ஆனால் அந்தக் கருவிக்கு முதல் வெட்டுக்கு அப்பால் கண் கிடையாது. அங்கே ஒன்றா, பத்தா, கேபிளே இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

பிப்ரவரித் தொடக்கத்தில் கப்பல் வந்து வேலையைத் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. வழக்கமான வேலையில், கொக்கி போன்ற இரும்பைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போய்க் கேபிளைப் பிடித்துத் தூக்குவார்கள். நல்ல முனையில் மிதவை கட்டிவிட்டு, மறு முனையைத் தேடிப்போய், நடுவில் புதுத் துண்டு வைத்து ஸ்ப்ளைஸ் செய்வார்கள். முடி கனத்தில் இருக்கும் இழைகளை ஆடும் கப்பலின் அறைக்குள் ஒவ்வொன்றாக உருக்கி ஒட்டி, மேலே உறையிட்டு, சோதித்து, மறுபடி கடலில் விடுவது ஒரு நாளைக்கு மேலும் இழுக்கும். இங்கே கொக்கி போட்டால் கேபிள் சிக்கவில்லை. துண்டு துண்டாகப் போயிருந்தது; சில துண்டுகள் பழைய பாதையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் நகர்த்தப்பட்டு வண்டலுக்குள் புதைந்திருந்தன. மொத்தத்தில் 80 கிலோமீட்டருக்கு மேல் பயனற்றுப் போயிருந்தது. ஒரு வெட்டுக்கு வேண்டிய சில கிலோமீட்டருக்குப் பதிலாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர் புதுக் கேபிள் போட வேண்டியதானது.

பிப்ரவரி 22 அன்று பன்னாட்டு இணைப்பு திரும்பியது. வெடிப்பிலிருந்து 38-ஆவது நாள்.

இணைப்பு வராத தீவுகள்

பெரும்பாலான செய்திகள் இந்த இடத்தில் முடிந்துவிட்டன. “டோங்காவுக்கு இணையம் திரும்பியது” என்று தலைப்பு வந்தது. திரும்பியது டோங்காடாப்புவுக்கு. ஹாபாய்க்கும் வவாவுக்கும் போகும் உள்நாட்டுக் கேபிளில் 100 கிலோமீட்டருக்கு மேல் சேதம். அதற்கு வேண்டிய கேபிள் கிடங்கில் இல்லை. புதிதாகத் தயாரித்து, கொண்டுவந்து போட வேண்டியிருந்தது. அந்த இணைப்பு சரியானது 2023-இன் நடுவில். ஒன்றரை ஆண்டு.

எந்தத் தீவுகளில் அலை வீடுகளை வாரிக்கொண்டு போனதோ, எங்கே இரண்டு பேர் இறந்தார்களோ, அந்த ஹாபாய்தான் கடைசியில் நின்றது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஒரு கேபிளைச் சரிசெய்தால் 70 சதவீத மக்களுக்கு மேல் பயன் பெறுவார்கள் என்றால் அதைத்தான் முதலில் செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த வரிசைக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அதைக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். மாங்கோ மக்கள் ஊருக்குத் திரும்பவில்லை; அவர்களை எவுவா தீவில் குடியமர்த்தினார்கள்.

இடைப்பட்ட காலத்தில் அந்தத் தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. ஸ்டார்லிங்க் நிறுவனம் ஃபிஜியில் தரை நிலையம் அமைத்து 50 முனையங்களை (செயற்கைக்கோளோடு பேசும் டிஷ் பெட்டிகளை) இலவசமாகக் கொடுத்தது. பழைய வகைச் செயற்கைக்கோள் பூமியிலிருந்து 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் பேசினால் எதிர்முனைக்குக் கேட்கவே கால் நொடி ஆகும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் பறப்பவை, அந்தத் தாமதம் தெரியாது. பெட்டியைத் திறந்து, வானம் தெரியும் இடத்தில் வைத்து, மின்சாரம் கொடுத்தால் போதும். ஒரு கிராமத்துக்கு இது பெரிய விஷயம்.

2024: மறுபடியும்

2024-இன் நடுவில் உள்நாட்டுக் கேபிள் திரும்ப அறுந்தது. ஹாபாயும் வவாவும் மறுபடி துண்டிக்கப்பட்டன. இந்த முறை பலர் சொந்தச் செலவில் ஸ்டார்லிங்க் வைத்திருந்தார்கள். ஆனால் நாட்டில் அதற்கு உரிமம் இல்லை. சேவையை நிறுத்தச் சொல்லி அரசு கேட்டது; கேபிள் அறுந்திருந்த அதே காலத்தில். வணிகர்களும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு தற்காலிக அனுமதி கிடைத்தது, பிறகு முறையான உரிமமும் வந்தது.

உரிமம் கேட்பது அரசின் கடமைதான். உள்ளூர் நிறுவனங்கள் கட்டும் கட்டணத்தை வெளிநாட்டு நிறுவனம் கட்டாமல் தொழில் செய்ய முடியாது. என் வருத்தம் நேரம் பற்றியது. 2022-க்கும் 2024-க்கும் இடையே அந்தக் காகித வேலையை முடிக்க அமைதியான இரண்டு ஆண்டுகள் இருந்தன. 2019-க்கும் 2022-க்கும் இடையே மூன்று ஆண்டுகள் இருந்ததைப் போலவே.

என்ன மாற வேண்டும்

மாற்று இணைப்பு தினமும் ஓட வேண்டும். அவசரத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கும் டிஷ்ஷில் கனெக்டர் துருப்பிடித்திருக்கும், கடவுச்சொல் தெரிந்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார், பில் தகராறில் நின்றிருக்கும். எப்போதும் ஒரு சிறு பங்குப் போக்குவரத்தைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பிக்கொண்டே இருந்தால் இந்த மூன்றும் முன்பே வெளியே தெரியும். செலவு கொஞ்சம் கூடும்தான். பேரிடர் நிதியில் அதற்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

முன்னுரிமைப் பட்டியல் முன்பே எழுதி, மொபைல் நிறுவனங்களின் கருவிகளில் ஏற்றியிருக்க வேண்டும்: முதலில் குரலும் குறுஞ்செய்தியும், அடுத்து பணப் பரிமாற்றம், மருத்துவமனை, அதன்பின் மற்றவை. அந்த நாளில் உட்கார்ந்து விவாதிக்க முடியாது.

வெளித் தீவு ஒவ்வொன்றிலும் கேபிளையும் டவரையும் சாராத ஒரு குரல் வழி வேண்டும். உயர் அதிர்வெண் வானொலிப் பெட்டியோ சாட்டிலைட் போனோ, எதுவானாலும் சூரியத் தகட்டில் சார்ஜ் ஆவதாக, மேட்டு நிலத்தில் இருப்பதாக, ஊரில் இருவருக்காவது இயக்கத் தெரிந்ததாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை தலைநகரை அழைத்துப் பேசிப் பார்க்க வேண்டும்.

உள்நாட்டுக் கேபிளுக்கும் ஸ்பேர் கேபிள் பக்கத்துக் கிடங்கில் இருக்க வேண்டும். ஒரு நாடு தனியாக 100 கிலோமீட்டர் வாங்கி வைப்பது கஷ்டம். ஃபிஜி, சமோவா, டோங்கா மூன்றும் ஒரே வகைக் கேபிளைத் தேர்ந்தெடுத்தால் சேர்ந்து வைத்துக்கொள்ள முடியும்.

நம் பக்கத்திலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டிய இடங்கள் உண்டு. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு 2024 ஜனவரியில். அந்தமான் 2004 சுனாமியைப் பார்த்த இடம், அருகே பாரன் தீவில் எரிமலையும் இருக்கிறது. அங்கே பழைய செயற்கைக்கோள் நிலையங்களைக் கேபிள் வந்துவிட்டது என்று கழற்றிவிடாமல், ஆள் வைத்து, போக்குவரத்து விட்டு, ஓடும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும்.